மூன்றாம் ஓலை

ஏப்ரல் 28, திங்கள்

நான் குருவானவராக இருக்கும் சேகரத்தின் ஐந்து ஆலயங்களிலிருந்தும் கல்யாண ஓலைப் புத்தகங்களை இன்று என் கைக்கு வாங்கிவிட்டேன். இனி எந்த ஆலயத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஓலை வாசிப்பது நான்தான். மாதக் கூட்டத்தில், ஆலயத்துக்கு ஒருவராக எனக்குக் கீழே ஊழியம் செய்யும் உபதேசிமார் ஐந்து பேரும் இருக்கும்போதே இதைச் சொன்னேன்.

காரணம் ஏதேன்விளை உபதேசியார் ஞானாபரணம். ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு ஜோடிக்கு இரண்டாம் ஓலையை மூன்றாம் ஓலை என்று வாசித்து வைத்தார். மாப்பிள்ளை ஊர்க் குருவானவருக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மூன்று ஞாயிறு சபை நடுவே பையன் பெயரையும் பெண் பெயரையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்கிற இந்த ஓலை விளையாட்டா? "அம்பத்தெட்டு வயசாகுது, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணத் தெரியாதா உபதேசியாரே?" என்று கேட்டேன். மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பழுப்புத்தாள் அட்டை போட்டு வைத்திருந்தார். மேசையில் வைத்து, "சரிங்கய்யா" என்றார். அவ்வளவுதான்.

காபி கொண்டுவந்த என் மனைவி ஹெலன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர்கள் போனதும், "நாளையிலருந்து கோழிக்குப் பதிலா நீங்கதான் கூவணுமா?" என்றாள். அவளுக்கென்ன, பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. ஒரு வேலை சரியாக நடக்க வேண்டுமென்றால் நாமே செய்ய வேண்டும். இருபத்திரண்டு வருட ஊழியத்தில் நான் கற்ற பாடம் இது.

மே 1, வியாழன்

ஏதேன்விளையிலிருந்து அன்னபாக்கியம் என்கிற விதவைத் தாயும் மகள் லீதியாளும் ஓலை கொடுக்க வந்தார்கள். லீதியாளுக்கு இருபத்தெட்டு வயது. தையல் தைக்கிறாள். மாப்பிள்ளை ஜெயசிங், உப்பளத்தில் மேஸ்திரி. கல்யாணம் மாப்பிள்ளை ஊர் ஆலயத்தில், இந்த மாதம் 22 வியாழக்கிழமை. மே 4, 11, 18 என்று மூன்று ஞாயிறுகள்தான் இருக்கின்றன. ஒன்றுகூடத் தவற முடியாது.

எழுதி முடித்த பிறகும் அந்தம்மாள் எழுந்திருக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"நீங்க வாரதுக்கு முந்தி நடந்தது ஐயரே. ரெண்டு வருசத்துக்கு முன்ன இவளுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஞாயித்துக்கெழம காலையில மாப்பிள்ள வீட்டுலயிருந்து ஆள் வந்து வேண்டாம்னுட்டாவ. யாரோ என்னமோ எழுதிப் போட்டுருக்காவ. பண்டம் எல்லாம் சுட்டு வச்சிருந்தோம். அண்ணைக்கு ஆராதனைல ஊரே காதத் தீட்டிட்டு இருக்கு, ஓலை மட்டும் வரல. அதுலருந்து எங்க ஊர்ல இவளுக்குப் பேரே மூணாம் ஓலை இல்லாதவ."

"அம்மா, போதும்" என்றாள் லீதியாள்.

"நீ சும்மா இரிட்டி. ஐயரே, மூணாம் ஓலைய மட்டும் சத்தமா வாசிச்சிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வாசிக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று ஜெபம் பண்ணி அனுப்பினேன். நல்லவேளை, புத்தகங்களை வாங்கி வைத்தேன். இது ஞானாபரணம் கையில் இருந்திருந்தால்?

இன்று தபாலில் ஒரு கடிதம். 20ஆம் தேதி ஊழியர் முகாமில் நான் பேச வேண்டுமாம். பேராயர் தலைமை. தலைப்பு: கிறிஸ்தவத் தலைமைத்துவமும் ஊழியத்தைப் பகிர்ந்து கொடுத்தலும்.

மே 4, ஞாயிறு

அதிகாலை ஐந்தரைக்கு மொபெட்டை எடுத்தேன். ஐந்து ஆலயங்களிலும் ஓலை வாசித்துவிட்டுத் திரும்பும்போது மாலை ஐந்து மணி. நற்கருணை இல்லாத ஆலயங்களிலும் சபை எனக்காகக் காத்திருக்கும்படி ஆயிற்று. ஏதேன்விளையில் பிரசங்கமும் காணிக்கையும் முடிந்து முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்களாம். ஓலை வாசித்து முடிந்தால்தானே ஆசீர்வாதம் கூற முடியும். ஒரு பெரியவர் பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். காத்திருந்தால் என்ன, சரியாக நடந்ததா இல்லையா?

லீதியாளின் முதல் ஓலை வாசித்தாயிற்று. முன்வரிசைப் பாயில் அன்னபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தேரி மணலில் மொபெட் ஒரு தரம் சறுக்கியது. தலை கிறுகிறுத்தது. வெயில்தான்.

மே 7, புதன்

ஹெலன் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். இந்த மாதம் முடியட்டும்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஐந்து ஆலயங்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் தூங்கிவிட்டேனாம்.

மே 14, புதன்

முகாம் உரைக்குக் குறிப்பு எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. வேதத்தில், வனாந்தரத்தில் ஒரு மாமனார் தன் மருமகனுக்குச் சொன்ன யோசனையிலிருந்து தொடங்குகிறேன்: நீ ஒருவனாக எல்லா வழக்கையும் தீர்த்தால் நீயும் தளர்ந்துபோவாய், ஜனமும் தளர்ந்துபோகும். இதே பகுதியை மூன்று சேகரங்களில் பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஜனங்கள் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

ஹெலனிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் சிரிக்கத் தொடங்கியவள் நாலாம் பக்கத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கு. இத முகாமுக்குப் போறதுக்கு முந்தி யாருக்காவது ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றாள்.

"உனக்குத்தான் வாசிச்சேனே?"

"எனக்கில்ல" என்று உள்ளே போய்விட்டாள். அவள் பேச்சு சில நேரம் விளங்குவதில்லை.

மே 18, ஞாயிறு, பெந்தெகொஸ்தே பண்டிகை

ஐந்து ஆலயங்கள், ஐந்து நற்கருணை, மூன்று ஞானஸ்நானம். உடம்பு கரும்புச் சக்கையாகிவிட்டது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

ஏதேன்விளைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். பத்தரைக்குத் தொடங்கிய ஆராதனை. ஞானாபரணம் பாட்டுமேல் பாட்டாகப் பாடவைத்துச் சபையைப் பிடித்து வைத்திருந்தார். குழந்தை ஞானஸ்நானம் கொடுத்தேன். பிரசங்கத்தைச் சுருக்கினேன். நற்கருணை கொடுக்கும்போது ஒரு நொடி பாத்திரம் இரண்டாகத் தெரிந்தது. அடுத்த ஆலயத்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. ஆசீர்வாதம் கூறப் போகும்போது ஞானாபரணம் பீடத்தருகே வந்து கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தார். இவருக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது. கையமர்த்திவிட்டு ஆசீர்வாதம் கூறினேன்.

வழக்கமாக வாசலில் கைகொடுக்க வரிசையில் நிற்பார்கள். இன்று யாரும் நிற்கவில்லை. பசியாக இருந்திருக்கும். அன்னபாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நாலு நாளில் மகளைப் பிரியப் போகிற தாய். அழுகை வரத்தான் செய்யும்.

மே 19, திங்கள், காலை

மாப்பிள்ளை ஊர்க் குருவானவருக்குக் கொடுக்க வேண்டிய ஓலைச் சான்றை எழுத உட்கார்ந்தேன். புத்தகத்தில் மே 4 எதிரே என் கையெழுத்து இருக்கிறது. மே 11 எதிரே இருக்கிறது. மே 18 எதிரே இல்லை.

ஓட்டத்தில் கையெழுத்துப் போட மறந்திருக்கிறேன். வாசித்தேன். வாசிக்காமல் எப்படி இருப்பேன்? மற்ற நாலு ஆலயத்திலும் வாசித்தது நினைவிருக்கிறது. இங்கே மட்டும் எப்படி விட்டுப்போகும்? கையெழுத்துப் போட்டுவிட்டேன். சான்றிலும் மூன்று முறை வாசிக்கப்பட்டது என்று எழுதி முத்திரை வைத்துவிட்டேன்.

மே 19, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மீன்காரம்மா வந்தாள். ஏதேன்விளை வழியாக வருகிறவள். ஹெலனிடம் அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது: "அந்தத் தையக்காரப் பிள்ள கல்யாணம் இந்தத் தடவயும் நின்னு போச்சாமே ஐயரம்மா? ஐயரு ஓலைய வாசிக்காம நிறுத்திட்டாவளாமே? பிள்ளயப் பத்தி யாரோ என்னமோ சொல்லியிருக்காவளாம்."

ஹெலன் மீன் சட்டியோடு வந்து நின்றாள். "நேத்து ஏதேன்விளையில ஓலை வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"வாசிச்சது ஞாபகம் இருக்கா?"

"வாசிச்சேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஹெலன் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "போய்ப் பார்த்துட்டு வாங்க."

போனேன். வழியெல்லாம் வாசித்தேன், வாசித்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த வீட்டு முற்றத்தில் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு உருட்டி வைத்த பயற்று உருண்டைகள் தாம்பாளத்தில் காய்ந்து கிடந்தன. அடுப்பு அணைந்திருந்தது. அன்னபாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"யாரு எழுதிப் போட்டது ஐயரே? அத மட்டும் சொல்லுங்க. எம் பிள்ளயப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. ஓலை வாசிச்சாச்சே" என்றேன். அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது.

"நா முன்வரிசைப் பாயில இருந்தேன் ஐயரே. உங்க வாயையே பாத்துட்டு இருந்தேன். இப்ப வாசிப்பாவ, இப்ப வாசிப்பாவன்னு. எழுந்து ஆசீர்வாதம் கூறிட்டீங்க. அப்பவே எனக்கு விளங்கிட்டு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். அந்த அம்மாளின் கண்ணுக்கு முன்னால் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. சட்டைப் பையில் நான் கையெழுத்திட்ட சான்று இருந்தது. தரையில் உட்கார்ந்தேன். "யாரும் ஒண்ணும் எழுதலம்மா. தடை ஒண்ணும் இல்ல. நான் மறந்துட்டேன்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற லீதியாள் வெளியே வந்தாள். "மறந்துதான் போச்சா ஐயரே? வேற ஒண்ணும் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

அவள் சிரித்தாலும் அழுதாலும் விஷயம் முடியவில்லை. செய்தி மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டது. ஓலை நின்ற பெண்ணை எடுக்க வேண்டுமா என்று ஜெயசிங்கின் தாய் கேட்டிருக்கிறாராம். கல்யாணத்துக்கு முன் இன்னொரு ஞாயிறு கிடையாது. மூன்று ஓலை இல்லாமல் தாலி கட்டவைக்க அந்த ஊர்க் குருவானவருக்கு அதிகாரம் இல்லை. தேதியைத் தள்ளினால் இந்தக் கல்யாணம் அவ்வளவுதான்.

அங்கிருந்து ஆலயத்துக்குப் போனேன். ஞானாபரணம் பாய்களை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அப்போதும் என் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

"சொல்லத்தான்யா வந்தேன். கையக் காட்டினீங்க."

"சபையில எழுபது பேர் இருந்தாங்களே, ஒருத்தர்கூடவா சொல்லக்கூடாது?"

அவர் ஒரு பாயை மடித்து வைத்தார். அடுத்த பாயை எடுத்தார். "ஐயாகிட்ட யாரு சொல்லுவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கிணற்றில் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

அவர் முன்னாலேயே சான்றைக் கிழித்தேன். மொபெட் பையில் கொண்டுபோயிருந்த ஓலைப் புத்தகத்தில் என் பொய்க் கையெழுத்தை அடித்து, அடித்தது நான்தான் என்று எழுதினேன். இவ்வளவு தைரியம் காலையில் இருந்திருக்கலாம். நாளை முகாமில் பேராயர் இருப்பார். அவர் காலில் விழுந்தாவது வேலைநாளில் ஓலை வாசிக்க அனுமதி வாங்க வேண்டும். மாப்பிள்ளை ஊருக்கும் நானே போய்ப் பேச வேண்டும். இரண்டும் இரண்டு திசை.

மே 20, செவ்வாய்

இதை எழுதுவது பட்டணத்து மருத்துவமனைக் கட்டிலில்.

முகாம் தொடங்குமுன் பேராயரைத் தனியாகப் பார்த்தேன். ஓலைப் புத்தகத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், பொய்க் கையெழுத்தையும் சேர்த்து. அவர் நிகழ்ச்சித் தாளில் என் தலைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு மணியடிச்சு, முறையா ஆராதனை வச்சு, மூணாம் ஓலை வாசிக்கலாம். அனுமதிக் கடிதம் தரேன். யார் வாசிப்பாங்க?"

"நான்தான் ஐயா."

"மாப்பிள்ளை வீட்டுக்கு யார் போறாங்க?"

"நான்தான்."

"இங்க பேசுறது?"

கடிதத்தை வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். மேடைப் படியில் கால் வைத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது விட்டத்து மின்விசிறி.

அழுத்தம் 190க்கு 120. மூன்று நாள் எழுந்திருக்கக் கூடாதாம். மொபெட் சாவியை ஹெலன் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிவிட்டாள். என் குறிப்பை வைத்துக்கொண்டு வேறொரு குருவானவர் பேசினாராம். நன்றாகவே பேசினாராம்.

மே 21, புதன்

காலையில் ஹெலனை ஏதேன்விளைக்கு பஸ்ஸில் அனுப்பினேன். பையில் மூன்று பொருள்: பேராயரின் கடிதம், ஓலைப் புத்தகம், என் கையால் எழுதிய ஒரு சீட்டு. ஓலைக்கு முன்பாக ஞானாபரணம் அந்தச் சீட்டைச் சபைக்கு வாசிக்க வேண்டும். அதில் நாலே வரி. கடந்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்படாதது என் மறதியால். பெண் மேலோ பையன் மேலோ யாரும் ஒரு தடையும் சொல்லவில்லை. நினைவூட்ட வந்த உபதேசியாரை நான் தடுத்தேன். சபை என்னை மன்னிக்கட்டும்.

புத்தகத்தை ஹெலன் கையில் கொடுக்கும்போது பெயர்களை எப்படி வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். "அவர் முப்பது வருசமா வாசிக்கிறார்" என்றாள்.

பிற்பகல் 4. மாப்பிள்ளை ஊருக்கு யாரும் போகவில்லையே. அதை யாரிடமும் சொல்லவில்லையே.

5.15. எழுந்து வெளிவராந்தா வரை போனேன். நர்ஸ் திட்டித் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள்.

6.30. இப்போது மணி அடித்திருப்பார்கள். அடித்திருப்பார்களா? இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டாம் ஓலை என்று வாசித்துவிட்டால்? தடை உண்டா என்று கேட்கும்போது மாப்பிள்ளை வீட்டார் யாராவது எழுந்து நின்றுவிட்டால்? அங்கே என்ன நடந்தாலும் இங்கிருந்து என்னால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. பயமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் இன்றுதான் எனக்கு ஜெபத்தைத் தவிர வேறு வேலை இல்லை.

7.10. ஒன்றும் தெரியவில்லை.

7.40. நர்ஸ் மேசைக்கு ஹெலனின் போன். நர்ஸ் கேட்டு வந்து சொன்னாள்: "வாசிச்சாச்சாம். அதுக்கு மேல ஒண்ணும் பேசாமத் தூங்கச் சொன்னாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மே 22, வியாழன்

காலை பத்தரைக்குத் தாலி கட்டியாயிற்று. நான் கட்டிலில்தான் கிடந்தேன். கல்யாணம் நடந்துவிட்டது.

மே 23, வெள்ளி

வீட்டுக்கு வந்தேன். மாலையில் அன்னபாக்கியம் ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்தோடு வந்தார். மனது நிறைந்துபோய்க் கும்பிட்டேன். அந்தம்மாள் முகத்தில் நிறைவு இல்லை.

ஞானாபரணம் புதன்கிழமை பேராயரின் கடிதம் கைக்கு வந்ததுமே, யாரும் சொல்லாமலே, இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார். "நீங்களே வந்து காதால கேளுங்க" என்று அன்று மாலை ஆராதனைக்கு அவர்களை அழைத்து வந்திருக்கிறார். எனக்குத் தோன்றாத யோசனை. ஓலையை, வெளியே ரோட்டில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாராம்.

"எல்லாம் நல்லாத்தான் செஞ்சாரு. ஆனா பொய் சொல்லிட்டாரு ஐயரே" என்றார் அன்னபாக்கியம்.

"என்ன பொய்?"

"ஐயர் எங்கிட்டதான் வாசிக்கச் சொல்லிக் குடுத்தாவ, நாந்தான் மறந்துட்டேன், சபை என்னைய மன்னிக்கணும்னுட்டாரு. மாப்பிள்ளயோட பெரியப்பா எந்திரிச்சு, வயசாச்சுன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான, ஒரு பொம்பளப் பிள்ள வாழ்க்கையில விளையாடுதீரான்னு அத்தன பேரு முன்னால கேட்டுட்டாரு. அவரு தலையக் குனிஞ்சிட்டு நின்னாரு. நா எந்திரிச்சு சொல்லிரலாம்னு பாத்தேன். லீதியா கையப் பிடிச்சிட்டா, தாலி ஏறட்டும்மான்னு. இப்ப தாலி ஏறிட்டு. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹெலனைப் பார்த்தேன், "உங்க அழுத்தம் இறங்கட்டும்னுதான் சொல்லல" என்றாள்.

மே 24, சனி

ஞானாபரணத்தை வரச்சொன்னேன். என் சீட்டை மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்தபடியே இருந்தது.

"ஏன் வாசிக்கல?"

"வாசிக்க நாக்கு எழும்பலய்யா. ஐயா பேரு கெட்டா சபை பேரு கெட்டமாதிரி. நா ஜூன் மாசத்தோட ரிட்டயர்டு ஆகப்போறவன். என்னையப் பத்தி எண்ணத் தெரியாதவன்னு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. அதோட இதுவும் சேர்ந்து போகட்டும்."

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போன பிறகு நிறைய யோசித்தேன். கல்யாணம் நடந்துவிட்டது. பெண் புகுந்த வீடு போய்விட்டாள். பழைய கதையைக் கிளறினால் அங்கே அவளுக்குத்தான் சங்கடம். சேகரத்தில் குருவானவர் பேச்சுக்கு மதிப்பு வேண்டாமா? அவரே மனமுவந்து ஏற்றுக்கொண்டதை நான் ஏன் மறுக்க வேண்டும்? இப்படி ஒன்பது காரணம் எழுதினேன். ஒன்பதும் நல்ல காரணங்கள். இந்தப் பக்கத்தின் அடிப்பாதியைக் கிழித்தது அதனால்தான்.

மே 25, ஞாயிறு

நாலு ஆலயங்களின் ஓலைப் புத்தகங்களும் நேற்று மாலையே அந்தந்த உபதேசிமார் கைக்குப் போய்விட்டன. இன்று நான் போனது ஏதேன்விளைக்கு மட்டும், ஹெலனோடு, பஸ்ஸில். அங்கி போடவில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் பதறி எழுந்து இடம் விட்டார். அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நான் கேட்டுக்கொண்டபடி மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்திருந்தார். லீதியாளும் ஜெயசிங்கும் புதுத்துணியில் அன்னபாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

அறிவிப்பு நேரத்தில் எழுந்து முன்னால் போனேன். பையிலிருந்து சீட்டை எடுத்தேன். ஞானாபரணம் அதைக் கண்டுகொண்டார். வேண்டாம் என்று கையமர்த்தினார். நான் நிற்கவில்லை. நாலு வரியையும் வாசித்தேன். ஐந்தாவதாக ஒரு வரி, எழுதாததைச் சொன்னேன்: புதன்கிழமை உபதேசியார் சொன்னது பொய், அது எனக்காகச் சொன்ன பொய், அதற்கும் நானே பொறுப்பு. வேலையை அவரிடம் கொடுக்கலாம், என் தவறைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து போய் ஞானாபரணத்தின் கையைப் பிடித்தார். அன்னபாக்கியம் என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். வந்து பாயில் உட்கார்ந்தேன்.

பிறகு ஞானாபரணம் பழுப்புத்தாள் அட்டைப் புத்தகத்தைத் திறந்து, இந்த வாரம் புதிதாக வந்த ஒரு ஜோடியின் ஓலையை வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இது இவர்களுக்கு இரண்டாம் ஓலை" என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

அவர் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னய்யா?" என்றார்.

"முதல் ஓலை."

"ஆமா, முதல் ஓலை" என்று திருத்தி வாசித்தார். சபை சிரித்தது, அவரும் சிரித்தார், ஹெலன் பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நிறுத்தி, கேட்டு, திருத்தி வாசிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.